ஜோடி வண்டி

“சொல்லித் தொலையேன் ராணி! பேருதான கேக்குது, என்ற சொத்தையா கேக்குது?”

“முடியாதுங்க.”

“கடையே நின்னு வேடிக்கை பாக்குது.”

“பாக்கட்டுமுங்க. நாப்பத்தாறு வருசமா சொல்லாத பேரை இந்த டப்பா கேட்டுப்போட்டுதுன்னு நான் சொல்லோணுமாக்கும்?”

டப்பா என்று யுவராணி சொன்னது, அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் வெள்ளைவெளேரென்று நின்ற புத்தம் புதுக் காரை. கார் கோபித்துக்கொள்ளவில்லை. நாலாவது தடவையாக அதே பணிவோடு கேட்டது: “துணைவர் அவர்களே, ஓட்டுநரின் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்.”

ஓட்டுநர் என்பவர் யுவராணியின் கணவர் குணசீலன். எழுபத்தாறு வயது. பம்புசெட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, பொள்ளாச்சியில் தொடங்கி தாராபுரம் வரைக்கும் தோட்டம் தோட்டமாகக் காரோட்டிப் போனவர். இப்போது வலது சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். இடது சீட்டில் யுவராணி, எழுபத்தொன்று, சுடிதார் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. இந்தக் காலத்தில் சுடிதார் போட்டிருப்பவரைப் பார்த்ததும் வயதைச் சொல்லிவிடலாம்; சின்னஞ்சிறுசுகள் எல்லாம் கண்டாங்கிச் சேலைக்குத் திரும்பி வெகுநாளாகிறது.

எழுபத்தைந்து தாண்டியவர்கள் தனியாகக் காரோட்டக் கூடாது என்று சட்டம் வந்து நாலு வருஷம். ஒன்று, ஓட்டுநரே இல்லாத தானோட்டிக் காரில் மூட்டை மாதிரி ஏறி உட்கார வேண்டும். இல்லாவிட்டால், பக்கத்தில் ஒரு துணை உட்கார்ந்தால்தான் ஓடும் இணைவண்டி வாங்க வேண்டும். ஊர் அதற்கு வைத்த பெயர் ஜோடி வண்டி.

கடைப்பெண் இதழினி காருக்குள் தலையை நீட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பயிற்சி வகுப்பில் வாங்கிய புன்னகை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

“ஆன்ட்டி, எதுக்குக் கேக்குதுன்னு சொல்லிர்றேன். இந்த வண்டி அங்கிளோட காலையும் கேக்கும், உங்க வாயையும் கேக்கும். நீங்க அங்கிளைக் கூப்பிட்டு ‘ஆடு வருது’ன்னீங்கன்னா, அவரு பிரேக்ல கால் வெக்கிறதுக்கு முந்தியே வண்டி நிக்கும். உங்க பேச்சு வழக்கம்போலப் பேசறதா, எச்சரிக்கையான்னு தெரியணும்ல? அதுக்குத்தான் பேரு.”

“நான் சொல்றதெல்லாம் கேக்குமா அம்மிணி?”

“எல்லாத்தையும் இல்லைங்க. தொண்ணூறு நாள் பாக்கும். நீங்க சரியாச் சொல்லச் சொல்ல உங்க பேச்சுக்கு மரியாதை கூடும். தப்பாச் சொன்னா குறையும்.”

“மனுசங்ககிட்ட இப்படி ஒரு ஏற்பாடு இல்லியே!” என்றாள் யுவராணி. அந்தக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

“வீட்ல அங்கிளை எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க. போதும்.”

யுவராணி கணவரின் பக்கம் திரும்பினாள். வெட்கமாகத்தான் இருந்தது. “ஏனுங்க,” என்றாள்.

“பதிவு செய்யப்பட்டது,” என்றது கார். “வணக்கம், திரு. ஏனுங்க.”

இப்படித்தான் வடவள்ளி மருதம் நகர் மூன்றாவது வீதிக்கு அந்தக் கார் வந்தது. அதைத் தேர்ந்தெடுக்க அவர்கள் அந்தக் கடைக்கு ஐந்து தடவை நடையாக நடந்திருந்தார்கள். குணசீலனுக்கு முதலில் பிடித்தது மலை மாதிரி உயரமான ஒரு கறுப்பு வண்டி. அதில் ஏற ஸ்டூல் வேண்டும். அடுத்து சப்பையாக ஒன்று. அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கக் கிரேன் வேண்டும். யுவராணி ஒவ்வொரு காரிலும் ஏறி இறங்கினாள். உட்கார்ந்தால் முட்டியைவிட இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கதவு அகலமாகத் திறக்கிறதா, ஏசியைக் குறைக்கத் திருகும் பித்தான் இருக்கிறதா, அல்லது திரையைத் தேய்த்துக்கொண்டே போய் மரத்தில் மோத வேண்டுமா, எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா, எல்லாம் பார்த்தாள். மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்று மாடி வீட்டு பிரேமலதா சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்.

மகள் தன்யா பெங்களூரில், பதினெட்டாவது மாடியில். “எதுக்கும்மா இந்த வயசுல காரு? லைசென்ஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க வந்திருங்க. ரூம் ரெடி. இல்லைன்னா தானோட்டி வாங்கிக்குங்க,” என்பாள். தானோட்டியையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். வடவள்ளியிலிருந்து காந்திபுரம் வரை கார் பூப்போலப் போனது. பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குணசீலன், வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

யுவராணிக்கு அதுதான் பகீரென்றது. ஏனென்றால் குணசீலன் வீட்டில் பேசுகிறவர் இல்லை. காபி என்றால் காபி, துண்டு என்றால் துண்டு. கல்யாணமான புதிதில், ஊமையைக் கட்டி வைத்துவிட்டார்களோ என்று அவள் அழுததுண்டு. மறுவீட்டுக்குப் போகக் காரில் ஏறி, அவர் சாவியைத் திருகினார். அப்போது திறந்தது வாய். தாராபுரத்தில் ஒரு கிணற்றில் மோட்டாரை இறக்கப் போய்த் தானே இறங்கிவிட்ட கதை, மேனேஜரின் தலையிலிருந்து விக்கு பறந்த கதை, பத்து வயதில் செத்துப்போன தங்கையின் கதை. ஸ்டியரிங்கில் கையிருந்தால்தான் அந்த மனிதருக்கு நாக்கு. நாற்பத்தாறு வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு எல்லாம், சண்டை உட்பட, மகளின் கல்யாணத்துக்குச் சம்மதித்தது உட்பட, காருக்குள் நடந்ததுதான். கார் போனால் கணவரின் குரலும் போய்விடும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தன்யாவிடம் சொன்னால் டாக்டரிடம் காட்டு என்பாள்.

அதனால்தான் ஜோடி வண்டி.

வீதிக்கு நல்ல பொழுதுபோக்கு. யுவராணி காரில் உட்கார்ந்தால் வாய் ஓயாது என்பது ஏற்கெனவே ஊரறிந்தது. ‘கமென்ட்ரி’ என்றே அவளுக்குப் பெயர். கேட்டுக்கு வெளியே கார் மூக்கை நீட்டும்போதே தொடங்கிவிடும்: “ஏனுங்க, நாய். ஏனுங்க, டீக்கடை பெஞ்சு. ஏனுங்க, அந்த ஸ்கூட்டிப் புள்ள.” முன்பெல்லாம் குணசீலன் ‘தெரியுது, தெரியுது’ என்று எரிந்து விழுவார். இப்போது காரும் சேர்ந்துகொண்டது: “நன்றி, துணைவர் அவர்களே. திரு. ஏனுங்க, கவனம்.” மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பிரேமலதா இதைத் தினமும் கேட்டாள். துவைக்காத துணியைக்கூடக் காயப்போட்டாள் என்று கேள்வி.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, உழவர் சந்தைக்குப் போனார்கள்.

வெயில் ஏறாத நேரம், ஜன்னல்கள் திறந்திருந்தன. சந்தை வாசலில் கார் திரும்பியதும் கீரைக்காரர் ஒருவர் பக்கத்துக் கடைக்காரரை அழைத்தார்: “ஏனுங்க!” கார் நின்றது. குணசீலன் மறுபடி நகர்த்தினார். “ஏனுங்க, தக்காளி என்ன வெலைங்க?” கார் நின்றது. “ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” நின்றது. கொங்குச் சீமையில் ஒரு சந்தைக்குள் எத்தனை ஏனுங்க இருக்கும் என்று அந்தக் காரைச் செய்தவர்களுக்கு யார் சொல்வது? பத்தடிக்கு எட்டுத் தடவை குலுங்கி, கடைசியில் தேங்காய் லாரிக்கும் வாழைத்தார் வண்டிக்கும் நடுவே அசையாமல் நின்றுவிட்டது.

பின்னால் ஹாரன்கள் அலறின. கார் கலங்கிப்போய், வெளி ஒலிபெருக்கியைத் திறந்து உரக்கக் கூவியது: “ஏனுங்க! ஏனுங்க! ஏனுங்க!”

நாற்பது பேர் திரும்பிப் பார்த்து, “என்னுங்க?” என்றார்கள்.

அன்று வாங்கிய கத்தரிக்காயை இரண்டு நாள் சமைக்காமலே வைத்திருந்தாள் யுவராணி. அதைப் பார்த்தாலே சிரிப்பு வந்து அரிவாள்மணை நழுவியது.

காரைச் சரிசெய்ய இதழினியும், நிரஞ்சன் என்ற மெக்கானிக்கும் வீட்டுக்கு வந்தார்கள். நிரஞ்சன் காரின் வயிற்றுக்குள் மடிக்கணினியைச் சொருகி, இனிமேல் யுவராணியின் குரலை மட்டும் கேட்கும்படி மாற்றினான். அதற்காகப் பழைய பதிவுகளை எல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. குணசீலன் அவன் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். இதழினி மெல்ல அடுக்களைக்குள் வந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாங்களா?”

“சக்கரை போதுமா பாரு.”

“இந்த இருபத்திரெண்டு நாள்ல நீங்க அங்கிளைக் கூப்பிட்டு எச்சரிச்சது எல்லாம் பதிவாயிருக்கு. பத்துல ஒம்பது, லெஃப்ட் பக்கம் வர்றதுக்குத்தான். ரைட்ல லாரியே வந்தாலும் நீங்க பேசறதில்லை.”

யுவராணி அடுப்பை அணைத்தாள். எட்டிப் பார்த்தாள். குணசீலன் வெளியே பம்புசெட்டுக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தை நிரஞ்சனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கார் பக்கத்தில் நின்றால்கூட அவருக்குக் கொஞ்சம் வாய் வரும்.

“மெதுவாப் பேசு கண்ணு.”

“அங்கிளுக்கு லெஃப்ட் பக்கம் தெரியலைங்களா?”

“கண்ணு நல்லாத் தெரியுது. டாக்டர் எழுத்து எல்லாம் படிக்கிறாரு. ஆனா…” அவள் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். “மூணு வருசம் இருக்கும். சாப்பிட்டுக்கிட்டே, ‘பொரியல் வெக்கலியா’ன்னாரு. தட்டுல இடது பக்கம் பீன்ஸ் பொரியல் குமிச்சு வெச்சிருக்கேன். வெளையாடறாருன்னு நெனச்சேன். மறுநாளும் அதே. இடது பக்கத்துச் சோறு அப்படியே கெடக்குது, பசி தீரலைங்கறாரு. பேசாமத் தட்டைத் திருப்பி வெச்சேன். சாப்புட்டாரு. அன்னிக்கிருந்து திருப்பித்தான் வெக்கறேன். கார்லயும் அப்படித்தான், வாயால திருப்பறேன்.”

“அங்கிளுக்குத் தெரியுமா?”

“அவுருக்கு எப்படித் தெரியும்? இருக்கறதே தெரியலைன்னா, இல்லைன்னு எப்படித் தெரியும்?”

இதழினி டீயைக் குடிக்கவில்லை. “தொண்ணூறாம் நாள் அறிக்கை தானா போக்குவரத்து ஆபீசுக்குப் போயிரும் ஆன்ட்டி. எங்க கையில இல்லை. இப்படி ஒரே பக்கமா இருந்தா லைசென்ஸ் ரத்துதான். அதுக்கு முந்தி நீங்களே சொல்லீருங்க. டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. ப்ளீஸ்.”

நல்ல பெண். நல்லதைத்தான் சொன்னாள். யுவராணியும் தலையை நன்றாகத்தான் ஆட்டினாள். ஆனால் அவள் மனதில் பதிந்தது ஒரே வார்த்தை: ஒரே பக்கம். ஒரே பக்கமாக இருப்பதுதானே தப்பு? இரண்டு பக்கமும் ஆக்கிவிட்டால்?

மறுநாளிலிருந்து கமென்ட்ரி இரண்டு பங்காயிற்று. “ஏனுங்க, வலது பக்கம் மாடு!” கார் நிற்கும். மாடு இருக்காது. “எங்கடி மாடு?” “போயிருச்சுங்க.” “ஏனுங்க, வலதுல பஸ்ஸு!” பஸ் அடுத்த ஊரில் இருக்கும். இடதுக்கு ஒன்று சொன்னால் வலதுக்கு ஒன்று என்று தராசில் நிறுத்துப் போட்டாள். “உனக்கு மூளை கலங்கிப் போச்சு,” என்றார் குணசீலன், கவலையோடு. அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இவள் பயப்பட, இவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பயப்பட, ஒருவர் பயத்தை ஒருவரிடம் சொல்லாமல் ஊர்கோலம் போனார்கள். நடுவில் ஒரு தடவை தன்யாவுக்குப் போன் போட்டு, “உங்கம்மாவுக்கு இல்லாத மாடெல்லாம் தெரியுது,” என்றாராம். பதினெட்டாவது மாடியில் அறைக்கு அன்றே திரைச்சீலை வாங்கிவிட்டாள் மகள்.

கார் எதையும் சொல்லவில்லை. ‘நன்றி, துணைவர் அவர்களே’ என்பதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தது. யுவராணி அதைக் கவனிக்கவில்லை.

அறுபத்தெட்டாவது நாள், தொண்டாமுத்தூர் ரோடு. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். குணசீலன் நல்ல குஷியில் இருந்தார். விக்கு பறந்த மேனேஜரின் மகள் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று, யுவராணியே கேட்டிராத புதுக் கதை ஒன்றைத் தொடங்கியிருந்தார். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. ஒரு பெண், பின்னால் இரண்டு கூடை சம்பங்கிப் பூ.

“ஏனுங்க, மொபெட்!” என்றாள் யுவராணி.

கார் நிற்கவில்லை.

“ஏனுங்க!” என்று கத்தினாள்.

நின்றது. அரை நொடி தாமதம், அவ்வளவுதான். காரின் மூக்கு பின் கூடையைத் தட்டியது. மொபெட் ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் சாய்ந்தது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சம்பங்கி.

கார் சொன்னது: “துணைவரின் எச்சரிக்கை பெறப்பட்டது. நம்பகம் குறைவானதால் சரிபார்த்த பிறகு ஏற்கப்பட்டது.”

பூக்காரி எழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. சேலையை உதறிக்கொண்டே வந்து, குணசீலனின் ஜன்னலைத் தட்டினாள். “ஏனுங் பெரியவரே, இத்தாச்சோட்டுப் பெரிய வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“எந்தப் பக்கமிருந்து அம்மிணி வந்தே?” என்றார் குணசீலன். அவர் நிஜமாகவே கேட்டார். “ஒண்ணுமே இல்லியே. பளிச்சுனு காலியா இருந்துச்சே ரோடு.”

பூக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு யுவராணியின் முகத்தைப் பார்த்தாள். திட்ட வந்தவள், “தண்ணி குடிங்க,” என்று சொல்லிவிட்டுப் பூவைப் பொறுக்கப் போய்விட்டாள்.

யுவராணியும் இறங்கிப்போய் அவளோடு சேர்ந்து பூப் பொறுக்கினாள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கூடை நிரம்பியதும் திரும்பி வந்து, காரில் ஏறாமல், அவருடைய ஜன்னலருகே நின்றுகொண்டாள்.

“ஏனுங்க. உங்களுக்கு இடது பக்கம் இல்லீங்க.”

“என்ன உளர்றே?”

“மூணு வருசமா இல்லை. தட்டுல பாதி உங்களுக்குத் தெரியறதில்லை. நான் திருப்பித் திருப்பி வெச்சுத்தான் சாப்புடறீங்க. வலது பக்கம் சொன்ன மாடெல்லாம் பொய்யி. ஆபீசுக்காரனை ஏமாத்தறதுக்குச் சொன்னேன். அதுல இந்த வண்டி என்னை நம்பறதை நிறுத்திப்போட்டுது. இந்தப் புள்ள போயிருந்தா, நான்தானுங்க கொன்னிருப்பேன்.”

குணசீலன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். “மூணு வருசமா தட்டைத் திருப்புனியா?”

“ஆமாங்க.”

“ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீங்க கார விட்ருவீங்க.”

“விட்டா?”

எழுபத்தொரு வயதில், நடுரோட்டில், ‘விட்டால் என்னோடு பேசமாட்டீர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எப்போதோ தூக்கத்திலேயே வந்து போன சின்ன அடைப்பு, மூளையில் ஒரு ஓரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. போனது போனதுதான்; மறுபடி வராமலிருக்க மாத்திரை கொடுத்தார். “மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா,” என்றார்.

குணசீலன் தன் லைசென்ஸைத் தானே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறம் பேச்சே இல்லை. காபி, துண்டுகூட இல்லை. சாப்பாட்டைப் போட்டதும், பாதிவரை சாப்பிட்டு, தட்டைத் தானே அரைவட்டம் திருப்பி, மீதியைச் சாப்பிட்டார். அந்தத் தட்டு திரும்புகிற சத்தம் கேட்டதும் யுவராணி அடுக்களைக்குள் போய்விடுவாள். திட்டியிருந்தால் தேவலை. இப்படிப் பன்னிரண்டு நாள். வீதியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தும் அந்த வீட்டிலிருந்து கரண்டிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தன்யா போனில் ‘இங்க வந்திருங்க’ என்றாள், யுவராணி சரி என்றாள், அட்டைப் பெட்டிகள் வந்திறங்கின. முதல் பெட்டியில் பாத்திரங்களை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் மணியடித்தார்.

போக்குவரத்து ஆபீஸிலிருந்து பதிவுத் தபால். குணசீலன் கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு, பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக, வாயைத் திறந்தார்.

“ராணி. உனக்குத்தான் வந்திருக்குது. கேளு. ‘உரிமம் ஒப்படைக்கப்பட்டதை அடுத்து மேற்படி இணைவண்டியின் பதிவுகளை ஆய்வு செய்ததில், அறுபத்தெட்டு நாட்களும் வாகனத்தின் இயக்க முடிவுகளில் பெரும்பகுதி இடது இருக்கையில் இருந்தவரால் எடுக்கப்பட்டது தெரிய வருகிறது. சட்டப்படி வாகனத்தைக் கட்டுப்படுத்துபவரே ஓட்டுநர் ஆவார். எனவே திருமதி யுவராணி ஆகிய தாங்கள், ஓட்டுநர் உரிமம் இன்றி அறுபத்தெட்டு நாட்கள் வாகனம் ஓட்டிய குற்றத்திற்கு…’”

மேலே படிக்க முடியவில்லை. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து யுவராணி குக்கர் மூடியோடு ஓடிவந்தாள். குணசீலன் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே பாத்திரப் பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டி நசுங்கியது. மாடியில் பிரேமலதா துணிக்கொடியை விட்டுவிட்டுக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து தொங்கினாள்.

“லைசென்ஸ் இல்லாம ஓட்டியிருக்கறேடி! அறுபத்தெட்டு நாளு! மொதல்ல போயி லைசென்ஸ் எடு!”

“என்ன வெளையாடறீங்களா? எனக்கு ஸ்டியரிங்கே புடிக்கத் தெரியாது.”

“அதைத்தான் நான் சொல்லித்தர்றேனே. மத்ததெல்லாம் உனக்குத் தெரியுமாம், கவர்மென்ட்டே எழுதியிருக்குது.”

எழுபத்தைந்துக்குக் கீழே என்பதால் அவளுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. அபராதத்தைக் கட்டி, எல்.எல்.ஆர். போட்டார்கள். காலையில் கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன் மைதானத்தில் பழகினார்கள். யுவராணி வலது சீட்டில். குணசீலன் இடது சீட்டில். அப்போது ஒன்று தெரிந்தது. எந்த டாக்டரும் சொல்லவில்லை, எந்தக் காரும் கணக்கிடவில்லை. இடது ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால், ரோடு முழுவதும் குணசீலனுக்கு நேரேயும் வலது பக்கமும்தான் இருந்தது. முக்கால்வாசி ரோடு அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மிச்சக் கால்வாசியைப் பார்ப்பதில் யுவராணிக்கு மூன்று வருஷ அனுபவம்.

“ராணி, வலதுல பஸ்ஸு.”

“பொய் பஸ்ஸா, நெஜ பஸ்ஸா?”

“நெஜ பஸ்ஸுடி, பிரேக்க மிதி!”

கார் இருவரையும் புதிதாக எடைபோட்டது. இரண்டு தடவை சோதனையில் தோற்று, மூன்றாவது தடவை அவள் தேறினாள். எட்டு போடும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்தாள் என்றும், சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதிகாரியின் அம்மாவுக்கு எழுபத்து நாலு.

அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார். இதழினி அந்தத் தை மாதமே நிரஞ்சனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். கல்யாணச் சாப்பாடு பிரமாதம், பீடா மட்டும் முதல் பந்தியோடு தீர்ந்துவிட்டது. பூக்காரி மொபெட்டை விற்றுவிட்டு, தொண்டாமுத்தூரை விட்டு அன்னூரில் அண்ணன் வீட்டுப் பக்கம் போய் கடை போட்டிருக்கிறாள். தன்யாவின் கணவருக்கு மைசூருக்கு மாற்றலாகி, பதினெட்டாவது மாடியைக் காலி செய்து தரைவீட்டுக்கு இறங்கினார்கள். மாதம் ஒருமுறை யுவராணியும் குணசீலனும் சத்தியமங்கலம் வழியாக, திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மகளைப் பார்க்கப் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் அந்த மனிதர் என்னதான் பேசிக்கொண்டு வருகிறார் என்று பிரேமலதாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பண்ணாரி அம்மனுக்கு வேண்டுதல் என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். வடவள்ளியிலிருந்து பண்ணாரி வரை குணசீலன் சொன்னது மொத்தம் மூன்று வார்த்தை: பஸ்ஸு, லாரி, பஸ்ஸு. கோயில் வாசலில் அவளை இறக்கிவிட்டார்கள். கார் மலைப்பக்கம் திரும்பியது. பிரேமலதா கும்பிடப் போகாமல் அங்கேயே நின்று பார்த்தாள். முதல் வளைவு வருவதற்குள், இடது சீட்டில் இருந்தவரின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து, காற்றில் ஏதோ ஒரு விக்கையோ கிணற்றையோ யாரையோ வரைந்து காட்டத் தொடங்கியிருந்தது.